சூரியன் வராத ஊரில் பொங்கல்

போன கிழமை இத்தாலியின் பலெர்மோவில், வியா மக்வேதாத் தெருவிலிருந்து சந்தைப் பக்கம் இறங்குகிற சந்தொன்றில் நானும் மகளும் போய்க்கொண்டிருந்தோம். மீன்கடை வாசலில் பெரிய பிளாஸ்டிக் தொட்டி. அதற்குள் காய்ந்த மீன் ஊறிக்கொண்டிருந்தது. விறகுக் கட்டை மாதிரி விறைத்த மீன். இங்குள்ளவர்கள் ஸ்டோக்கோ என்பார்கள். தண்ணீரை மாற்றி மாற்றி நாட்கணக்கில் ஊறவைத்து, தக்காளியும் ஒலிவ் காயும் போட்டுச் சமைப்பார்கள். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மம்மா, கே புட்சா! கெதியா வாங்கோ," என்றாள். அவளுக்கு அது தாங்கமுடியாத நாற்றம். கருவாட்டுக் குழம்பில் வளர்ந்த எனக்கு அதெல்லாம் ஒரு நாற்றமா? ஆனாலும் நான் அங்கே நின்றது மீன் வாங்குவதற்காக அல்ல.

"உது நோர்வேயிலை இருந்து வாறது," என்றேன். "நான் அங்கை போயிருக்கிறன். அதின்ரை உச்சிக்கே போயிருக்கிறன்."

"நீங்களோ? என்னத்துக்கு?"

"விடுமுறைக்கு."

அவள் நடுத்தெருவில் நின்று சிரித்தாள். மழை தூறினாலே சுவெற்றருக்கு மேல் சுவெற்றர் போடுகிற அம்மா, பனிக்குள் விடுமுறைக்குப் போனாள் என்றால் எந்தப் பிள்ளை நம்பும்? மீதிக் கதையை நான் அவளுக்குச் சொல்லவில்லை. அவளுடைய அப்பாவும் இருக்கிற வீட்டில் அதைச் சொல்வதற்கு நேரம் பார்க்கவேண்டும். உங்களுக்குச் சொல்வதற்கு அந்தக் கரைச்சல் இல்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் பலெர்மோவில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது வசதியான ஒரு வீட்டுக்கார அம்மாவின், வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். அண்ணா கோடையில் மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுவார். குளிர்காலத்தில் கிடைத்த இடத்தில் கிடைத்த வேலை. எனக்கு இருபத்தாறு வயது நடந்துகொண்டிருந்தது. அந்த வயதில் கலியாணம் ஆகாத ஒருத்தி கண்ணில் பட்டால் எங்கள் சனத்துக்கு வேறு எந்த வேலையும் ஓடாது. அப்படித்தான் வடக்கிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. வடக்கென்றால் யாழ்ப்பாணம் என்று நினைத்துவிடாதீர்கள். பெரியம்மாவின் மகள் வதனி அக்காவும் அவளுடைய புருசன் சிறி அத்தானும் நோர்வேயின் வட முனையில் ஒரு மீன்பிடித் துறையில் இருந்தார்கள். அத்தானுக்கு அங்கே மீன் தொழிற்சாலையில் வேலை. அவரோடு வேலை செய்கிற யோகன் என்பவர்தான் மாப்பிள்ளை. குறிப்புப் பொருந்திவிட்டது. படம் வந்து, எல்லோர் கையிலும் சுற்றி, கடைசியாக என்னிடம் வந்து சேர்ந்தது. எனக்கு முதலே எல்லோரும் ஓம் சொல்லி முடித்திருந்தார்கள்.

"ஆள் சரி. நான் இடத்தைப் பாக்கவேணும்," என்றேன்.

அண்ணாவுக்குக் கண் பிதுங்கியது. "எடியே, பொம்பிளை வெளிக்கிட்டுப் போய் மாப்பிளையைப் பாக்கிறதோ? சனம் என்ன கதைக்கும்?"

"வதனி அக்காவோடை விடுமுறைக்கு நிக்கப் போறன் எண்டு சொல்லுங்கோ."

இரண்டு நாள் முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்தார். பிறகு அவரே பயணச்சீட்டு எடுத்துத் தந்தார். "போ. ஆனால் வரேக்கை பதிலோடை வரவேணும். ஓமோ, இல்லையோ, ஒண்டு. இழுத்தடிக்கக் கூடாது, சொல்லிப்போட்டன்."

விசா கிடைக்கவேண்டும் என்று மொன்தே பெல்லெக்ரினோ மலைக்கு நடந்தே ஏறி, குகைக்குள் படுத்திருக்கிற இந்த ஊர்ப் புனிதை சாந்தா ரொசாலியாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். நாங்கள் சைவம்தான். ஆனால் தேங்காய் உடைக்க ஒரு பிள்ளையார் இல்லாத ஊரில் யாரிடம் போய் நேர்வது? விசாவும் கிடைத்தது. எந்தக் கடவுளின் கணக்கில் அதை எழுதுவது என்று நான் மினக்கெடவில்லை.

சிஞ்ஞோராவுக்குச் செய்தி சொன்னபோது கையைத் தட்டினாள். இங்கே வசதியானவர்கள் குளிர்காலத்தில் ஒரு கிழமை பனிமலைக்குச் சறுக்கப் போவார்கள். செத்திமானா பியாங்கா, வெள்ளைக் கிழமை, என்று அதற்குப் பெயர். தன் வீட்டு வேலைக்காரியும் வெள்ளைக் கிழமைக்குப் போகிறாள் என்பதில் அவளுக்கு அப்படியொரு பெருமை. அலுமாரியைத் திறந்து, தன் இளவயது ஃபர் கோட்டைத் தூக்கி என் தோளில் போட்டாள். அந்துருண்டை மணம் கண்ணைக் கரித்தது. அதைப் போட்டுக்கொண்டு விமான நிலையத்தில் நான் நடந்த கோலத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. குட்டைக் கரடியொன்று கைப்பையோடு நிற்பதைப் போல இருந்திருக்கும்.

விமானம் மாறி விமானம் மாறிக் கடைசியில் ஏறியது மிகச் சின்னது. விமானி இருமினால் எங்களுக்குக் கேட்டது. இறங்கியபோது பின்னேரம் இரண்டு மணி என்றது கடிகாரம். வெளியே கும்மிருட்டு. காரில் ஏறியதும் கேட்டேன்: "அத்தான், இஞ்சை எத்தினை மணிக்கு விடியும்?"

"தை பிறந்த பிறகு," என்றார் அத்தான், சிரிக்காமல்.

பகிடி என்று நினைத்தேன். பகிடியில்லை. மார்கழிக்கு முன்னமே போன சூரியன் தையில்தான் திரும்பி வரும். நடுப்பகலில் கொஞ்ச நேரம் மட்டும் ஒரு நீல வெளிச்சம் வரும், வெள்ளைத் துணிக்கு நீலம் போட்ட தண்ணீர் மாதிரி. அது வந்ததும் சனம் கடைக்குப் போவார்கள், வாசலில் பனி அள்ளுவார்கள். தேத்தண்ணி குடித்துவிட்டு நிமிர்ந்தால் போய்விட்டிருக்கும். வானத்தில் பச்சை ஒளி ஆடியதையும் பார்த்தேன். வடிவுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு வேண்டியது அதுவல்ல.

முதல் நாள் பனியில் கையை விட்டு அள்ளி, வதனி அக்காவின் முதுகில் எறிந்து, சின்னப் பிள்ளை மாதிரி விழுந்தெழும்பினேன். அவ்வளவுதான் என் விடுமுறை. அடுத்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. யன்னலுக்குப் போவேன், வருவேன். நித்திரை வருகிற நேரத்தில் வராது, வரக்கூடாத நேரத்தில் வரும். என்ன செய்வதென்று தெரியாமல் அக்காவின் குக்கரைச் சுரண்டித் துடைத்தேன். அலுமாரிக்குப் பின்னால் கூட்டினேன். கழுவிய கோப்பைகளை எடுத்து மறுபடி கழுவினேன்.

"எடி, ஒரு இடத்திலை இரன்! நீ லீவிலை எல்லோ வந்தனி," என்று அக்கா கத்தினாள். "எனக்குத் தலை சுத்துது உன்னைப் பாக்க."

இந்த அமளிக்குள்தான் யோகன் வந்தார். கையில் ஒரு பை, அதற்குள் மீன். அந்தத் துறையில் எல்லோர் வீட்டிலும் மீன்தான். யாருக்கும் யாரும் மீன் கொண்டுபோவதில்லை. ஆனால் வந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே. மெதுவாக நடக்கிற, மெதுவாகக் கதைக்கிற மனிதர். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு குசினிக் கதிரையில் இருந்தார். நான் அந்தக் குசினிக்குள்ளும் ஃபர் கோட்டோடு நின்றேன்.

"குளிருதோ?"

"இல்லை."

கோட்டைப் பார்த்தார். "முதல் வருசம் எனக்கும் விசர் பிடிச்சது. பேந்து பழகிட்டுது," என்றார்.

பழகிட்டுது என்கிற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். எங்கள் சனம் எதற்குத்தான் பழகவில்லை? ஷெல்லுக்குப் பழகினோம், முகாமுக்குப் பழகினோம், அடுத்தவன் கக்கூசைக் கழுவப் பழகினோம். இனி இருட்டுக்கும் பழகவேண்டுமா? இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. படாரென்று ஒரு அலுமாரிக் கதவைச் சாத்தினேன். அவர் அடுத்த நாளும் மீன் கொண்டுவந்தார்.

ஒருநாள் நீல வெளிச்சத்தில் துறைமுகத்துக்கு நடந்தோம். நாங்கள் முன்னால், வதனி அக்கா காவலுக்குப் பின்னால். கரையோரம் மரச் சட்டங்கள் வீட்டுக் கூரைகள் போல வரிசையாக நின்றன. மாசியில் மீன் பிடிபடத் தொடங்கியதும் அதில் தொங்கவிட்டுக் காயவைப்பார்களாம். இப்போது வெறுமையாக இருந்தன. ஒன்றில் மட்டும் போன வருசத்து மீன்தலைக் கோர்வை ஒன்று காற்றில் ஆடியது.

"இதெல்லாம் எங்கை போறது?"

"இத்தாலிக்கு. உங்கடை பக்கத்துக்கும்தான்." பிறகு சொன்னார்: "நீங்கள் பிழையான நேரத்திலை வந்திட்டியள். வெயில் காலத்திலை இஞ்சை இரவே இல்லை. ரெண்டரை மாசம் சூரியன் படுக்காது."

"பலெர்மோவிலை ஒவ்வொரு நாளும் வருது, ஒவ்வொரு நாளும் படுக்குது," என்றேன். என் வாய் அப்படி.

அவர் சிரித்தார். பிறகு மறைக்காமல் சொன்னார்: தங்கைகள் இரண்டு பேர் ஊரில் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிடுவதற்கு எழுதிப் போட்டிருக்கிறார், அவர்கள் வந்து சேரும்வரை இந்த வேலையை விட ஏலாது, இந்த ஊரையும் விட ஏலாது. "உங்களுக்கு இதைச் சொல்லாமல் ஓம் எண்டு சொல்ல வைக்கிறது சரியில்லை," என்றார். அந்த நேரத்தில் அவர் ஒரு பொய் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

அவரை எனக்குப் பிடித்துவிட்டது. அந்த ஊரை எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. இரண்டையும் பிரித்தெடுக்க வழி இல்லை. யன்னலுக்கும் அடுப்புக்கும் நடுவே நான் நடந்த நடையெல்லாம் இதற்காகத்தான்.

இதற்குள் தைப்பொங்கல் வந்தது. சூரியனுக்குப் படைக்கிற பொங்கலை, சூரியன் இல்லாத ஊரில் எப்போது பொங்குவது? அந்தத் துறையில் இருந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்களும் இதில் இரண்டு கட்சி. சிறி அத்தான் பஞ்சாங்கக் கட்சி.

"சூரியன் எங்கையோ உதிச்சுத்தானே இருக்குது. யாழ்ப்பாணத்திலை உதிச்சால் காணாதோ?"

யோகன் மற்றக் கட்சி. அந்தக் கட்சியில் அவர் ஒருவர்தான். "அங்கை உதிக்கிற சூரியனுக்கு அங்கை பொங்குவினம் அண்ணை. இஞ்சை வாற சூரியனுக்கு ஆர் பொங்கிறது?" என்றார். அவர் சூரியன் திரும்பிவருகிற நாள் வரை பொறுத்திருந்து தனியாகப் பொங்குவாராம். அந்த முறை மட்டும், பலெர்மோவிலிருந்து ஆள் வந்திருப்பதால், பஞ்சாங்கக் கட்சியின் பொங்கலுக்கும் வர ஒத்துக்கொண்டார்.

மின்சார அடுப்பில் வைத்தால் அது பொங்கலே இல்லை என்பது அத்தானின் பிடிவாதம். வீட்டு முற்றத்தில், மூன்று கல் வைத்து, விறகு மூட்டித்தான் பொங்கவேண்டும். முற்றம் என்றால் இடுப்பளவு பனி. சவளால் அடித்து இறுக்கித் தளம் போட்டார். அக்கா அரிசிமாவில் கோலம் போட்டாள். வெள்ளைமேல் வெள்ளை, கோலம் எங்கே என்று அவளுக்கே தெரியவில்லை. உள்ளே ஓடிப்போய் மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் கொண்டுவந்து தூவினாள். அத்தான் தடித்த காற்சட்டைக்கு மேல் வேட்டியைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். நடுப்பகல் நீலம் வந்ததும் நெருப்பு மூட்டினோம். எல்லோர் முகத்திலும் வெளிச்சம் பட்டது. அன்றைக்குத்தான் அந்த வீட்டுக்கு வந்தபின் முதல்முறையாக நான் ஒரு இடத்தில் அசையாமல் நின்றேன்.

பனிக்கு மேல் அடுப்பு மூட்டிய அறிவாளிகள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம். கல் சூடேறியது. கல்லுக்கு அடியில் பனி உருகியது. பால் நுரை கட்டி விளிம்புக்கு ஏறுகிற அந்த நேரம் பார்த்து, ஒரு கல் சத்தமில்லாமல் உள்ளே தாழ்ந்தது. பானை சரிந்தது. பால் ஒரே பக்கமாகக் குபுகுபுவென்று வழிந்து, நெருப்பை அணைத்து, மஞ்சள் கோலத்துக்கு மேலால் ஓடியது. அத்தான் கையுறையோடு பாய்ந்து பானையைப் பிடித்தார். கையுறை கருகிய மணம் வந்தது.

எல்லோரும் பால் ஓடிய பக்கத்தைப் பார்த்தோம். பால் எந்தப் பக்கம் பொங்கி வழிகிறது என்று பார்ப்பது எங்கள் வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும்தானே. கிழக்கும் வடக்கும் நல்லது. தெற்கு கூடாது, யமனுடைய திசை. அடுத்த வீட்டு ராணி அன்ரிதான் வாயைத் திறந்தா. "தெற்காலை எல்லோ போட்டுது... ஒரு நல்ல காரியம் கதைக்கிற நேரத்திலை..."

எல்லோருடைய பார்வையும் என்னில் வந்து நின்றது. எனக்கு என்ன வந்ததென்று நினைக்கிறீர்கள்? சந்தோசம். நெஞ்சுக்குள் ஒரு பாரம் இறங்கியதுபோல் சந்தோசம். இனி நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. பால் சொல்லிவிட்டது, அண்ணாவும் கேள்வி கேட்கமாட்டார்.

யோகன் மட்டும் சிரித்தார். பனியில் முழந்தாளிட்டு, தாழ்ந்துபோன கல்லைத் தோண்டி எடுத்துக்கொண்டு, "கல்லு தாண்டு போச்சு. பால் என்ன செய்யும்?" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "தெற்காலைதானே பலெர்மோவும் கிடக்கு," என்றார். ராணி அன்ரிகூடச் சிரித்துவிட்டா. நானும் சிரித்தேன். சிரித்த கையோடு, எனக்குக் கிடைத்திருந்த சாட்டும் போய்விட்டது.

பானையில் மிஞ்சியதை மின்சார அடுப்பில் வைத்து ஒப்பேற்றிச் சாப்பிட்டோம். புகை மணத்தோடு நன்றாகத்தான் இருந்தது. மற்றவர்கள் போனபிறகு யோகன் குசினி வாசலில் நின்றார்.

"சூரியன் வர இன்னும் ஒரு கிழமைதான் கிடக்கு. அண்டைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளையளைக்கூடப் பாக்க வெளியிலை விடுவினம். நில்லுங்கோ. இருட்டிலை பாத்திட்டுப் பதில் சொல்லாதேங்கோ."

சிஞ்ஞோராவுக்குத் தொலைபேசி எடுத்தேன். இன்னும் ஒரு கிழமை என்று தொடங்கியதும் அவள் குறுக்கே விழுந்தாள். அவளுடைய குளிசைகள் எங்கே, குஷன் உறைகள் எங்கே என்பதெல்லாம் முதலில். பிறகு, "உன் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க குவெஸ்தூராவில் தந்த நாளை மறந்துவிட்டாயா, பெண்ணே?" என்றாள். மறக்கவில்லை, வதிவிட அனுமதிக்குப் பொலிஸ் கந்தோர் தந்த நாள் அல்லவா? அந்த நாளைத் தவறவிட்டால் அந்தக் காகிதத்துக்காக மறுபடி எத்தனை விடியலில் வரிசையில் நிற்கவேண்டுமோ. காகிதம் இல்லாவிட்டால் பலெர்மோவும் இல்லை. அது ஒரு காரணம். என் கால்கள் அந்த வீட்டுக்குள் இன்னொரு கிழமை நடக்கமாட்டோம் என்றது இன்னொரு காரணம். இரண்டும் உண்மைதான்.

விமான நிலையத்துக்கு யோகன்தான் கார் ஓட்டினார். பின் இருக்கையில் வதனி அக்கா. பதிலை அவர் கேட்கவில்லை. "போன் பண்ணிச் சொல்லுறன்," என்றேன். "ஓம்," என்றார்.

நடுப்பகல் விமானம். நீலத்துக்குள் எழும்பி, மேகத்துக்குள் புகுந்து குலுங்கி, மேலே வந்தது. தெற்குப் பக்க யன்னலில் சிவப்பாக ஒரு கோடு. பிறகு அந்தக் கோட்டின் நடுவில் சூரியன். முழுச் சூரியன் அல்ல, ஒரு கீற்று. ஆனாலும் வெயில் என் கைகளில் பட்டது, ஃபர் கோட்டின் மயிரெல்லாம் மினுங்கியது. பக்கத்தில் இருந்த நோர்வேக் கிழவி என்னுடைய கையைப் பிடித்து, தன் பாசையில் என்னவோ சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கீழே அவ்வளவு பேரும் காத்துக்கொண்டிருக்கிற சூரியன், மேகத்துக்கு மேலே தன்பாட்டுக்கு இருந்தது. இது இல்லாமல் என்னால் இருக்க ஏலாது என்பது அந்த நிமிடத்தில் எனக்கு விளங்கிவிட்டது. எவ்வளவு நல்ல மனிதருக்காகவும் ஏலாது.

ஒஸ்லோவில் இறங்கி அக்கா வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். யோகன் அங்கேயே இருந்தார்.

"சூரியனைக் கண்டனான்," என்றேன்.

"எங்கை?"

"மேலை. பிளேனிலை இருந்து."

"வடிவோ?"

"ஓம்."

"அப்ப பதில் எனக்கு விளங்குது," என்றார்.

நான் அந்தக் காலத்துப் பெண் சொல்லக்கூடாததைச் சொன்னேன். "நீங்கள் இஞ்சாலை வாங்கோவன்."

"தங்கச்சியவை வரவேணும். அது எப்பவெண்டு எனக்கே தெரியாது. உங்களைக் காக்க வைக்கிறது நியாயமில்லை." பிறகு, "குளிராமல் போய்ச் சேருங்கோ," என்றார்.

அண்ணாவுக்கு இல்லை என்ற பதிலைக் கொடுத்தேன். அவர் ராணி அன்ரியின் கதையை ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார், பாலைத்தான் திட்டினார். சிஞ்ஞோரா, "நன்றாகச் சறுக்கினாயா?" என்று கேட்டாள். சறுக்கினேன் என்று சொல்லிக் கோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த வருசம் பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தவரைக் கட்டினேன். நல்ல மனிதர். வெயிலில் வேர்த்து வழிந்துகொண்டு வருவார், வந்ததும் யன்னலைச் சாத்து என்பார். அதற்காகத் தினமும் சண்டை.

இப்போது அந்தத் துறையில் தமிழ் ஆட்களே இல்லை. தொழிற்சாலையைப் பூட்டிவிட்டார்களாம். ஒவ்வொரு குடும்பமாகத் தெற்கே ஒஸ்லோவுக்கு இறங்கிவிட்டது. வதனி அக்கா அங்கே அடுக்குமாடியில், புகை மணம் பட்டாலே அபாய மணி அடிக்கிற குசினியில், பால் பொங்க முதலே அடுப்பை நூர்த்துவிடுகிறாள். ராணி அன்ரி போய்ச் சேர்ந்துவிட்டா. எங்கள் சிஞ்ஞோராவும் இல்லை. அவளுடைய வீட்டை அறை அறையாகப் பிரித்துச் சுற்றுலாக்காரருக்கு விடுகிறார்கள். யோகனின் தங்கைகள் வந்து சேர்ந்தார்கள் என்று அக்கா ஒருமுறை சொன்னாள். அவரும் கலியாணம் கட்டி, பிள்ளைகளோடு இருக்கிறாராம். எந்த ஊரில் என்று நான் கேட்கவில்லை.

அன்றைக்கு நான் சொன்ன பதில் சரியானது. அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனாலும் தை பிறந்தால் வீட்டுக்குள் நடக்கத் தொடங்கிவிடுகிறேன். இவருக்கும் மகளுக்கும் காரணம் தெரியாது. சம்பந்தம் பேசி வந்த யோகனின் அந்த ஒரே படமும் வீடு மாறும்போது எங்கேயோ போய்விட்டது. மின்குமிழ் வெளிச்சத்திலும், நடுப்பகல் நீலத்திலும், ஒருமுறை அடுப்பு நெருப்பிலும் பார்த்த முகம் மட்டும்தான் எனக்கு ஞாபகம். அந்த மனிதரை நான் ஒருநாளும் வெயிலில் பார்த்ததில்லை. இன்றைக்குத் தெருவில் எதிரே வந்தால் எனக்கு ஆளைத் தெரியாது.